வாலெட்டில் காசு காணவில்லையா? கைவைக்கும் முன் பாருங்கள்

கிரிப்டோ வாலெட் செயலிக்குள் காசு கிடையாது. பிட்காயினோ யுஎஸ்டிடியோ (டெதர் நிறுவனம் வெளியிடும் டாலர் மதிப்பு நாணயம்), கணக்கு இருப்பது பிளாக்செயின் எனப்படும் சங்கிலியில். அதாவது உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே மாதிரி எழுதி வைத்திருக்கும் பேரேட்டில். உங்கள் போனில் இருப்பது அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடும் சாவி மட்டுமே. திரையில் தெரியும் தொகை என்பது செயலி அந்தப் பேரேட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லும் சேதி. அந்தச் சேதி தாமதமாக வருவதும், அரைகுறையாக வருவதும், வராமலே போவதும் அன்றாடம் நடப்பவை.

அதனால் என்ன கோளாறு என்றாலும் செயலியை அழிக்காதீர்கள், அப்டேட் போடாதீர்கள். கடலூர் மஞ்சக்குப்பமோ புதுச்சேரி நேரு வீதியோ, எந்த மொபைல் சர்வீஸ் கடையிலும் போனைக் கொடுத்தால் முதலில் சொல்லும் வைத்தியம் ரீசெட். மற்ற செயலிகளுக்கு அது சரி. மீட்பு வார்த்தைகள் (வாலெட் தொடங்கும்போது அது தரும் 12 அல்லது 24 வார்த்தைகள்) எழுதி வைக்கப்படாத வாலெட்டுக்கு அதுதான் சாவு.

முதலில் திறக்க வேண்டியது எக்ஸ்ப்ளோரர், அதாவது அந்தப் பேரேட்டை யாரும் தேடிப் பார்க்க உதவும் இணையதளம். பிட்காயினுக்கு மெம்பூல் ஸ்பேஸ், எத்தேரியத்துக்கு ஈதர்ஸ்கேன், டிரானுக்கு டிரான்ஸ்கேன், பாலிகானுக்கு பாலிகான்ஸ்கேன், பிஎன்பி செயினுக்கு பிஎஸ்சிஸ்கேன், சோலானாவுக்கு சோல்ஸ்கேன். தளத்தின் முகவரியை உலாவியில் கையால் தட்டச்சு செய்து போங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரம் போலித் தளமாக இருக்கலாம். உங்கள் வாலெட் முகவரியையோ பரிவர்த்தனை ஐடியையோ அதில் இட்டால் போதும். இந்த இரண்டையும் காட்டுவதால் காசு போகாது. 12 வார்த்தைகளைக் கேட்கும் எக்ஸ்ப்ளோரர் என்று ஒன்று கிடையாது, கேட்டால் திருடன்.

## தொகை பூஜ்யம் என்கிறது

எக்ஸ்ப்ளோரரில் தொகை இருக்கிறதா? இருந்தால் காசு பத்திரம், காட்டுவதில்தான் கோளாறு. பெரும்பாலும் செயலி வேறு நெட்வொர்க்கில், அதாவது வேறு சங்கிலியில் நிற்கும். பாலிகானில் வந்த யுஎஸ்டிடியை எத்தேரியம் திரையில் தேடினால் கிடைக்காது. நெட்வொர்க்கை மாற்றியும் தெரியவில்லையென்றால் அந்த டோக்கனை (சங்கிலியின் மேல் ஓடும் யுஎஸ்டிடி போன்ற நாணயத்தை) பட்டியலில் சேர்க்க வேண்டும்: எக்ஸ்ப்ளோரரில் உங்கள் கணக்கிலிருந்து டோக்கனின் பக்கத்துக்குப் போய், ஒப்பந்த முகவரியை (அந்த டோக்கனை நடத்தும் நிரலின் முகவரியை) நகலெடுத்து, வாலெட்டில் 'டோக்கன் சேர்' பகுதியில் ஒட்டுங்கள். தசம இடங்கள் தானாக நிரம்பும். நிரம்பாவிட்டால் யுஎஸ்டிடிக்கு எத்தேரியத்திலும் டிரானிலும் 6, பிஎன்பி செயினில் 18. இதை மாற்றிப் போட்டால் 100 டாலர் கோடிக்கணக்காகத் தெரியும், அல்லது தூசியாகத் தெரியும். இரண்டும் கண்கட்டுதான், சங்கிலியில் எதுவும் மாறாது.

வாலெட்டை மறுபடி நிறுவிய பிறகு ஒரு கணக்கு மட்டும் தெரிந்து மற்றவை காணாமல் போனால் 'கணக்கு சேர்' பொத்தானை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். அதே வார்த்தைகளிலிருந்து அதே வரிசையில் பழைய கணக்குகள் திரும்ப வரும். ஒரு விலக்கு உண்டு. தனிச்சாவியை (ஒரே கணக்குக்கான சாவியை) கொடுத்து வெளியிலிருந்து சேர்த்த கணக்கு அந்த 12 வார்த்தைகளில் அடங்காது. அதற்கு அந்தத் தனிச்சாவியே வேண்டும். இது தெரியாமல் போனை ஃபார்மேட் செய்து இழந்தவர்கள் நிறைய.

பிட்காயினில் இதற்கு வேறொரு முகம். 0.05 பிட்காயின் இருந்த முகவரியிலிருந்து 0.01 அனுப்புகிறீர்கள். மறுநாள் அந்த முகவரியை எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால் மொத்தமும் போய் பூஜ்யம். திருட்டு அல்ல. மளிகைக் கடையில் 500 ரூபாய்த் தாளை நீட்டி 100 ரூபாய்க்குச் சாமான் வாங்குவது போல, பிட்காயின் அந்த 0.05-ஐ முழுசாகக் கொடுத்து, கட்டணம் போக மீதி ஏறத்தாழ 0.04-ஐ உங்களுடைய இன்னொரு புது முகவரிக்குச் சில்லறையாக வாங்கிக்கொள்கிறது. எலக்ட்ரம் வாலெட்டில் 'அட்ரஸஸ்' பகுதியைத் திறந்தால் அந்தச் சில்லறை முகவரி தனியாகத் தெரியும். பிட்காயின் வாலெட்டில் ஒரு முகவரியைப் பார்த்து மொத்த இருப்பை முடிவு செய்யக் கூடாது.

இவை எதுவும் இல்லை, எக்ஸ்ப்ளோரர் சரி, செயலி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் அது தொடர்புகொள்ளும் சர்வர் படுத்திருக்கிறது. அமைப்புகளில் வேறு ஆர்பிசி சர்வரை மாற்றுங்கள், அல்லது ஒரு மணி நேரம் பொறுங்கள்.

## அனுப்பியது போகவே இல்லை, பென்டிங்

பரிவர்த்தனை ஐடியை எக்ஸ்ப்ளோரரில் இடுங்கள். அப்படி ஒன்றே இல்லை என்று வந்தால் அது உங்கள் போனைத் தாண்டவில்லை, காசு கிளம்பவில்லை. 'ஃபெயில்டு' என்று வந்தால் அசல் தொகை உங்களிடமே இருக்கிறது, கட்டணம் மட்டும் போயிற்று. கோபப்பட்டு அதே அளவில் திரும்ப அனுப்பினால் இன்னொரு கட்டணமும் போகும். 'அன்கன்ஃபர்ம்டு' அல்லது 'பென்டிங்' என்று வந்தால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

பிட்காயினில் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு ப்ளாக், அதாவது மைனர் எனப்படுவோர் பேரேட்டில் சேர்க்கும் ஒரு புதுப் பக்கம். கட்டணம் அனுப்பும் தொகையைப் பொறுத்ததல்ல, பரிவர்த்தனையின் எடையைப் பொறுத்தது. ஒரே ஒரு நாணயத்தைச் செலவழித்து, ஒருவருக்குக் கொடுத்து, சில்லறை வாங்கும் சாதாரணப் பரிவர்த்தனை பிசி1க்யூ என்று தொடங்கும் முகவரியில் ஏறத்தாழ 141 மெய்நிகர் பைட். பைட்டுக்கு 5 சடோஷி வைத்தால் 705 சடோஷி. (ஒரு பிட்காயின் 10 கோடி சடோஷி.) மெம்பூல் ஸ்பேஸ் முகப்பில் அப்போதைய விகிதம் தெரியும், உங்களுடையது அதைவிடக் குறைவானால் காத்திருப்பு நீளும். 2024 ஏப்ரல் 20 ஹாவிங் (மைனருக்கான பரிசு பாதியாகும் நிகழ்வு) அன்று ரூன்ஸ் என்ற புது டோக்கன்களுக்கான கூட்டத்தால் கட்டணம் எகிறியபோது, முந்தைய நாள் விகிதத்தில் அனுப்பியவர்கள் அப்படியே தொங்கினார்கள்.

தீர்வு இரண்டு. அனுப்பியவர் நீங்களானால், வாலெட்டில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து 'பம்ப் ஃபீ' கொடுங்கள்; அதே பரிவர்த்தனை கூடுதல் கட்டணத்துடன் பழையதை மாற்றிக்கொள்ளும். பெறுபவர் நீங்களானால், வந்துகொண்டிருக்கும் அந்தத் தொகையையே பெரிய கட்டணம் வைத்து உங்களுக்கே அனுப்புங்கள். பிள்ளையின் (புதியதன்) கட்டணத்துக்காக மைனர் தாயையும் (சிக்கியதையும்) சேர்த்தே ஏற்றிக்கொள்வார். இரண்டும் வேண்டாமென்றால் சும்மா இருக்கலாம். பிட்காயின் சங்கிலியை நடத்தும் கணினிகளில் ஓடும் பிட்காயின் கோர் என்ற நிரல் தன் காத்திருப்புப் பட்டியலில் ஒரு பரிவர்த்தனையை 336 மணி நேரம், அதாவது 14 நாள்தான் வைத்திருக்கும் என்பது அதன் இயல்பு அமைப்பு. அதன் பிறகு தொகை பழையபடி செலவழிக்கத்தக்கதாகும்.

எத்தேரியத்தில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு கணக்கிலிருந்தும் கிளம்பும் பரிவர்த்தனைக்கு நான்ஸ் என்ற வரிசை எண் உண்டு. 14-ஆம் எண் சிக்கினால் 15, 16 எல்லாம் அதற்குப் பின்னால் நிற்கும், எவ்வளவு கட்டணம் வைத்தாலும் முந்த முடியாது. ஒற்றைப் பாதைப் பாலத்தில் முன்னால் லாரி நின்றால் ஆம்புலன்ஸும் நிற்க வேண்டியதுதான். எனவே புதிதாக ஒன்றைத் திரும்பத் திரும்ப அனுப்புவது வரிசையை நீட்டுமே தவிரத் தீர்க்காது. சிக்கிய முதல் பரிவர்த்தனையைப் பிடியுங்கள். 'ஸ்பீட் அப்' கொடுக்கலாம். வேண்டாமென்றால் 'கேன்சல்', அது உண்மையில் செய்வது, அதே நான்ஸில் 0 ஈதரை உங்களுக்கே அனுப்புவது. புதியதன் கட்டணம் பழையதைவிட 10 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினிகள் ஏற்காது. மெட்டாமாஸ்க் வாலெட்டில் பொத்தான் வேலை செய்யாவிட்டால், அமைப்புகளின் அட்வான்ஸ்டு பகுதியில் ஆக்டிவிட்டி தரவை அழிக்கும் வசதி இருக்கிறது. அது செயலியின் ஞாபகத்தில் உள்ள தவறான வரிசையை மட்டும் துடைக்கும். சாவிக்கும் இருப்புக்கும் ஒன்றும் ஆகாது.

டிரானில் நாள்கணக்கில் பென்டிங் என்று ஒன்று இல்லை. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஏறாத பரிவர்த்தனை காலாவதியாகிவிடும்.

## காசு இருக்கிறது, ஆனால் அனுப்ப விடவில்லை

200 யுஎஸ்டிடி இருக்கிறது, 50 அனுப்பப் போனால் 'கேஸ் போதவில்லை' என்கிறது. வீட்டு சிலிண்டர் மாதிரிதான்: அரிசி மூட்டை இருந்தும் கேஸ் இல்லாவிட்டால் சோறு கிடையாது. கட்டணம் அந்தந்த சங்கிலியின் சொந்த நாணயத்தில்தான் போகும். எத்தேரியத்தில் ஈதர், டிரானில் டிஆர்எக்ஸ், பிஎன்பி செயினில் பிஎன்பி, பாலிகானில் பிஓஎல் (2024 செப்டம்பரில் மேடிக் இதற்கு மாறியது). யுஎஸ்டிடி எவ்வளவு இருந்தாலும் இதற்கு ஈடாகாது.

எத்தேரியத்தில் ஈதர் அனுப்ப 21,000 கேஸ் அலகு. டோக்கன் அனுப்ப அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. டிரானில் யுஎஸ்டிடி அனுப்ப, பெறுபவரிடம் முன்பே யுஎஸ்டிடி இருந்தால் ஏறத்தாழ 65,000 எனர்ஜி (டிரானின் கட்டண அலகு). அவருக்கு இதுதான் முதல் யுஎஸ்டிடி என்றால் இரட்டிப்பாகி 1,30,000. ஒரே தொகைக்கு நேற்று குறைவாகவும் இன்று கூடுதலாகவும் கேட்பது இதனால்தான். எனர்ஜி கையில் இல்லாவிட்டால் அதற்கு ஈடாக டிஆர்எக்ஸ் எரியும். 30 டிஆர்எக்ஸ் எப்போதும் கிடப்பில் இருந்தால் இந்தத் தொல்லை வராது. நாளொன்றுக்கு இலவசமாகக் கிடைக்கும் 600 பேண்ட்விட்த் என்பது வேறு அலகு, அது எனர்ஜியை ஈடுகட்டாது.

இதே அறியாமையை வைத்து ஒரு தூண்டில் சுற்றுகிறது. டெலிகிராமில் யாரோ 'எனக்கு எப்படி எடுப்பதென்று தெரியவில்லை' என்று சொல்லித் தன் 12 வார்த்தைகளையே கொடுப்பார். திறந்தால் உள்ளே நிஜமாகவே 2,000 யுஎஸ்டிடி இருக்கும், டிஆர்எக்ஸ் மட்டும் இருக்காது. கட்டணத்துக்காக நீங்கள் டிஆர்எக்ஸ் ஏற்றினால் அதை உருவிக்கொள்வார்கள். அந்தக் கணக்கின் அனுமதி வேறொரு சாவிக்கு மாற்றப்பட்டிருக்கும். அந்த 12 வார்த்தைகளால் ஒரு யுஎஸ்டிடிகூட நகராது.

'மேக்ஸ்' அழுத்தினால் தோற்கிறதென்றால் கட்டணத்துக்கு இடம் விடாமல் முழுத்தொகையும் போட்டிருக்கிறீர்கள். எக்ஸ்ஆர்பியில் 1 எக்ஸ்ஆர்பி கணக்கின் இருப்பாக எப்போதும் பூட்டிக் கிடக்கும் (2024 டிசம்பர் வரை 10). பிட்காயினில் சில்லறைச் சிக்கல்: 500, 600 சடோஷியாகப் பல தடவை வாங்கிச் சேர்த்தவை தனித்தனி நாணயங்களாகவே கிடக்கும். ஒவ்வொன்றையும் செலவழிக்க 68 மெய்நிகர் பைட் ஆகும். பைட்டுக்கு 10 சடோஷி என்றால் 680. நாணயத்தின் மதிப்பைவிட அதைத் தூக்கும் கூலி அதிகம். விகிதம் 1, 2 சடோஷிக்கு இறங்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து எல்லாவற்றையும் உங்கள் முகவரிக்கே ஒரே நாணயமாக அனுப்பி வையுங்கள்.

## என் பக்கம் போய்விட்டது, அவருக்கு வரவில்லை

எக்ஸ்ப்ளோரர் 'சக்ஸஸ்' என்கிறதா? அப்படியானால் காசு ஏதோ ஒரு முகவரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எந்த முகவரி, எந்த நெட்வொர்க் என்பதே கேள்வி.

முகவரி சரி, பெறுவது எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கவும் விற்கவும் உதவும் நிறுவனம்) என்றால் முதலில் கன்ஃபர்மேஷன் எண்ணிக்கை, அதாவது உங்கள் பரிவர்த்தனை ஏறியது முதல் சேர்ந்த ப்ளாக்குகள். அவர்கள் கேட்கும் அளவு வரும்வரை கணக்கில் காட்ட மாட்டார்கள். எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லார், டான் போன்றவற்றில் டேக் அல்லது மெமோ எண் உண்டு. எக்ஸ்சேஞ்ச் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே முகவரியைத்தான் கொடுக்கும், இந்த எண்தான் ஆளைப் பிரிக்கும். அபார்ட்மென்ட் பெயரை எழுதி வீட்டு எண்ணை விட்ட கடிதம் போல, காசு வாட்ச்மேனிடம் நிற்கும். பரிவர்த்தனை ஐடியைக் கொடுத்து எக்ஸ்சேஞ்சின் உதவிப் பிரிவில் டிக்கெட் போடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும், நாளாகும்.

நெட்வொர்க் மாறிப் போயிருந்தால் பெறுபவர் யார் என்பதைப் பொறுத்தது எல்லாம். 0எக்ஸ் என்று தொடங்கும் உங்கள் சொந்த வாலெட் முகவரிக்கு எத்தேரியத்துக்குப் பதில் பிஎன்பி செயினில் அனுப்பியிருந்தால் பதற வேண்டாம். இரண்டிலும் அதே சாவி, அதே முகவரி. வாலெட்டை பிஎன்பி செயினுக்கு மாற்றிக் கொஞ்சம் பிஎன்பி ஏற்றினால் எடுத்துவிடலாம். எக்ஸ்சேஞ்ச் கொடுத்த முகவரிக்கு அப்படிப் போயிருந்தால் சாவி அவர்களிடம். அவர்கள் மனம் வைத்தால்தான் உண்டு. டோக்கனின் ஒப்பந்த முகவரிக்கே அனுப்பிவிட்டால் போனது போனதுதான்.

முகவரியே வேறாக இருந்தால் இரண்டு சாத்தியம். நகலெடுத்த முகவரியை ஒட்டும் நேரத்தில் மாற்றிவிடும் வைரஸ் ஒன்று. அதைவிட அதிகம் நடப்பது முகவரி விஷம்: நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியின் முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகள் ஒத்துப்போகும் முகவரியைத் திருடர் உருவாக்கி, அதிலிருந்து 0 தொகையையோ அற்பக் காசையோ உங்கள் வரலாற்றில் பதித்துவிடுவார். அடுத்த முறை வரலாற்றிலிருந்து நகலெடுத்தால் அவருக்குப் போகும். 2024 மே மாதம் ஒருவர் இப்படி ஒரே அனுப்பலில் 1,155 டபிள்யூபிடிசியை (எத்தேரியத்தில் பிட்காயினுக்கு ஈடாக ஓடும் டோக்கன்) தவறான முகவரிக்கு விட்டார். அப்போதைய மதிப்பு ஏறத்தாழ 6.8 கோடி டாலர். பெரும்பகுதி பிறகு திரும்பியது, அது அபூர்வம். வரலாற்றிலிருந்து நகலெடுக்கவே வேண்டாம். வாலெட்டின் முகவரிப் புத்தகத்தில் ஒரு தடவை சரிபார்த்துச் சேமித்து, அங்கிருந்து எடுங்கள். நடுவில் உள்ள ஐந்தாறு எழுத்துகளையும் சேர்த்துப் பாருங்கள்.

## வார்த்தைகளைப் போட்டால் தவறு என்கிறது, அல்லது வெறும் வாலெட் திறக்கிறது

இவை இரண்டு வேறு நோய்கள், ஒரே மருந்து கிடையாது.

தவறு என்று மறுத்தால் எழுத்திலோ வரிசையிலோ பிழை. வார்த்தைகள் 2,048 கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வருபவை. எந்த இரண்டும் முதல் நான்கு எழுத்தில் ஒத்துப்போகாது. கையெழுத்து புரியாவிட்டால் முதல் நான்கு எழுத்தை மட்டும் பிடித்தால் போதும். நம் பக்கத்தில் ஒரு தனிச் சிக்கல்: ஆங்கில வார்த்தையைத் தமிழில் ஒலிப்படி எழுதி வைப்பது. 'சீரியல்' என்று எழுதியிருந்தால் மனம் டிவி சீரியலுக்குப் போகும். பட்டியலில் இருப்பதோ தானியத்தைக் குறிக்கும் சீரியல், ஆங்கில 'சி' (C) எழுத்தில் தொடங்குவது. 'சீலிங்' என்றால் மேற்கூரை, அதுவும் 'சி'யில்தான். பட்டியலை அகர வரிசையில் விரித்து வைத்துக்கொண்டு ஒலியை ஒவ்வொரு எழுத்தாகச் சோதியுங்கள். இந்தப் பட்டியலுக்குப் பிரெஞ்சு வடிவம் இருக்கிறது, தமிழ் வடிவம் இல்லை. பிரெஞ்சு தெரியும் என்பதற்காகப் புதுச்சேரிக்காரர்கள் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பல வாலெட்டுகள் ஆங்கிலப் பட்டியலை மட்டுமே ஏற்கும்.

12 வார்த்தைகளின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு ஒளிந்திருக்கிறது. அதனால் ஒரு வார்த்தை அழிந்து அதன் இடம் தெரிந்தால், 2,048 சாத்தியங்களில் 128 வாக்கில்தான் தேறும்; பிடிசி ரெக்கவர் என்ற இலவச நிரல் இணையம் துண்டித்த கணினியில் நொடிகளில் தேடித் தரும். உங்கள் பழைய முகவரி ஒன்று தெரிந்திருந்தால் போதும். இரண்டு வார்த்தை போனாலும் நம்பிக்கை உண்டு. வரிசை மட்டும் கலைந்திருந்தால் 47,90,01,600 வரிசைகள். பெரிய எண்தான், ஆனால் கணினிக்கு முடிகிற வேலை. நான்கு வார்த்தை போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

மறுக்காமல் வெறும் வாலெட்டைத் திறந்தால், வார்த்தைகள் சரி, வழி தப்பு. முதல் சந்தேகம் 25-ஆவது வார்த்தை எனப்படும் பாஸ்ஃப்ரேஸ், அதாவது மீட்பு வார்த்தைகளுக்கு மேல் நீங்களே சேர்த்த ரகசியச் சொல். அதில் ஒரு இடைவெளியோ பெரிய எழுத்தோ மாறினாலும் செயலி 'தவறு' என்று சொல்லாது. வேறொரு வாலெட்டைத் திறந்து காட்டும். அடுத்தது டெரிவேஷன் பாதை. ஒரே வார்த்தைகளிலிருந்து பிட்காயின் நான்கு வகை முகவரிகளுக்குக் கிளை பிரியும்: 44 என்ற பாதையில் 1-இல் தொடங்குபவை, 49-இல் 3-இல் தொடங்குபவை, 84-இல் பிசி1க்யூ, 86-இல் பிசி1பி. பழைய முகவரியின் முதல் எழுத்துகளைப் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். எலக்ட்ரம் உருவாக்கிய வார்த்தைகள் பொதுத் தரத்தில் அடங்காதவை. வேறு வாலெட்டில் போட்டால் பெரும்பாலும் மறுக்கும். மறுதலையாக, மற்ற வாலெட்டின் வார்த்தைகளை எலக்ட்ரமில் போடும்போது 'ஆப்ஷன்ஸ்' திறந்து பிஐபி39 (அந்தப் பொதுத் தரத்தின் பெயர்) என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

'வாலெட்டைச் சீராக்கித் தருகிறோம்' என்று வார்த்தைகளைத் தட்டச்சு செய்யச் சொல்லும் இணையப் பக்கம் எதுவாக இருந்தாலும் மூடுங்கள்.

## தெரியாத டோக்கன் வந்து கிடக்கிறது

தொடாதீர்கள். விற்கப் போகாதீர்கள், அதன் பெயரிலேயே உள்ள இணைய முகவரிக்கும் போகாதீர்கள். 'மறை' கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள். வந்து கிடப்பதால் கெடுதல் இல்லை.

## நான் அனுப்பாமலே காசு போயிற்று

ஒரு டோக்கன் மட்டும் போய், ஈதரோ பிஎன்பியோ அப்படியே இருந்தால் நீங்கள் எப்போதோ கொடுத்த அப்ரூவல்தான் வாசல். ஏதோ தளத்தில் 'என் யுஎஸ்டிடியை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்' என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். கட்டணமே கேட்காத கையெழுத்தாகவும் அது இருக்கலாம். இலவசம் என்பதால் ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம். ஈதர்ஸ்கேனின் டோக்கன் அப்ரூவல் பக்கத்திலோ ரிவோக் கேஷ் தளத்திலோ வாலெட்டை இணைத்து ஒவ்வொன்றாக ரத்து செய்யுங்கள். ரத்துக்கும் கட்டணம் உண்டு.

சொந்த நாணயம் உட்பட எல்லாமே போயிருந்தால் வார்த்தைகளே கசிந்துவிட்டன. இப்போது ரிவோக் செய்வது, சாவியைத் திருடன் வைத்திருக்கும்போது ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போடுவது. அதே வாலெட்டில் 'இரண்டாவது கணக்கு' திறப்பதும் வீண், அதுவும் அதே வார்த்தைகளின் பிள்ளைதான். வேறொரு சுத்தமான போனில் புதிய வார்த்தைகளுடன் புதிய வாலெட் உருவாக்கி, மிஞ்சியதை அங்கே மாற்றுங்கள். பழைய முகவரிக்குக் கட்டணத்துக்கென்று காசு ஏற்றினால் அதை உடனே உருவும் தானியங்கி நிரல் காத்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கசிவு எங்கிருந்து வருகிறது? ஸ்கிரீன்ஷாட், தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப், கூகுள் போட்டோஸ். போனில் உள்ள படங்களிலிருந்து எழுத்துகளைப் படித்து மீட்பு வார்த்தைகளைத் தேடும் ஸ்பார்க்கேட் என்ற தீநிரல், அதிகாரபூர்வக் கடைகளின் செயலிகளுக்குள்ளேயே இருந்ததை காஸ்பர்ஸ்கி 2025 பிப்ரவரியில் வெளியிட்டது. 'பத்திரமாக இருக்கட்டும்' என்று ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்து லேமினேட் செய்வதும் இதில் சேர்த்தி.

புகாருக்கு 1930 எண், அல்லது தேசிய சைபர் கிரைம் தளம். அங்கே மாநிலத்தைக் கேட்கும்போது நம் பகுதிக்காரர்கள் தடுமாறுவார்கள். கடலூர்-புதுச்சேரி சாலையில் முள்ளோடை தாண்டினாலே ஆட்சி மாறிவிடும். கிருமாம்பாக்கம், பாகூர் என்றால் புதுச்சேரி, ரெட்டிச்சாவடி என்றால் தமிழ்நாடு. குடியிருக்கும் முகவரிப்படி போடுங்கள். பரிவர்த்தனை ஐடி, இரண்டு முகவரிகள், நெட்வொர்க், நேரம் ஆகியவற்றைத் தட்டச்சாகக் கொடுங்கள், ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வேண்டாம். ஈதர்ஸ்கேன் காட்டுவது யுடிசி நேரம். 5 மணி 30 நிமிடம் கூட்டினால் நம் நேரம். யுஎஸ்டிடியாகப் போயிருந்தால் வேகம் முக்கியம், காவல்துறை கேட்டால் டெதர் நிறுவனத்தால் அந்த முகவரியை முடக்க முடியும். 'மீட்டுத் தருகிறோம், முன்பணம் கொடுங்கள்' என்று வருபவர் அடுத்த திருடர்.

## போன் போயிற்று, அல்லது வெள்ளம் வந்தது

செயலியின் பின் எண்ணும் கைரேகையும் அந்தப் போனுக்கு மட்டுமானவை. வார்த்தைகள் இருந்தால் எந்தப் போனிலும் வாலெட் திரும்பும். வார்த்தைகள் இல்லாமல் போன் மட்டும் திறக்கிறது என்றால் இன்றே, இப்போதே புதிய வாலெட் உருவாக்கி, வார்த்தைகளை எழுதி, தொகையை மாற்றுங்கள்.

எழுதுவது எதில் என்பது கடற்கரை ஊர்களில் தனிப் பாடம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல். ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்த நாள்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பகுதி வீடுகளுக்குள் வந்தது. ஜெல் பேனா மையும் பவுண்டன் பேனா மையும் நனைந்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். பென்சில் எழுத்து கரையாது, ஆனால் தாள் கூழாகும். இரும்புத் தகடு உப்புக்காற்றில் துருவேறும். துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள், 304 ரகம் போதும், கடலுக்கு மிக அருகில் 316 நல்லது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஆங்கில எழுத்து பஞ்ச் செட் ஒன்று, சுத்தியல் ஒன்று. ஒவ்வொரு வார்த்தைக்கும் முதல் நான்கு எழுத்துகள், 12 வார்த்தைக்கு அதிகபட்சம் 48 எழுத்து, பக்கத்தில் வரிசை எண். ஒரு மாலை வேலைதான், பட்டறையில் கொடுக்காமல் நீங்களே அடியுங்கள். இரண்டாவது தகட்டை அதே ஆற்றங்கரையில் இல்லாத உறவினர் வீட்டில் வையுங்கள். நெய்வேலியோ விருத்தாசலமோ இருந்தால் நல்லது.

## தொல்லை ஓயவே இல்லை

எல்லாம் செய்தும் மாதத்துக்கு ஒரு சிக்கல் வந்தால் தேர்ந்தெடுத்த வாலெட் உங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை. பிட்காயின் மட்டும் வைத்திருப்பவருக்கு எலக்ட்ரம், ப்ளூ வாலெட், கணினியில் ஸ்பேரோ. எத்தேரியம் வகைச் சங்கிலிகளுக்கு மெட்டாமாஸ்க் அல்லது ரேபி. கையெழுத்திடும் முன் என்ன போகும் என்ன வரும் என்று காட்டுவதில் ரேபி மேல். டிரான் யுஎஸ்டிடிக்கு டிரான்லிங்க், சோலானாவுக்கு ஃபேண்டம். எல்லாவற்றுக்கும் ஒன்று என்றால் டிரஸ்ட் வாலெட் போன்றவை உண்டு, வசதிதான். ஆனால் கட்டணத்தையும் டெரிவேஷன் பாதையையும் நீங்களே மாற்றும் வசதி தனித்துறை வாலெட்டுகளில்தான் கூடுதல். மேலே சொன்ன தீர்வுகளில் பல அந்த வசதி இருந்தால்தான் பலிக்கும். பதிவிறக்கம் எப்போதும் நிறுவனத்தின் தளத்திலுள்ள இணைப்பு வழியாக.

மீட்பு வார்த்தைகள் தராத செயலி பெரும்பாலும் உங்கள் வாலெட் அல்ல, எக்ஸ்சேஞ்ச் கணக்கு. 2024 ஜூலை 18-இல் வாசிர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் திருடப்பட்டபோது அதில் கணக்கு வைத்திருந்தவர்களால் மாதக்கணக்கில் தங்கள் கிரிப்டோவை எடுக்க முடியவில்லை. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ ஒருவர் உடைமையாக வைத்திருக்கத்தக்க சொத்துதான் என்று சொல்லியிருக்கிறது. அது வழக்காடிப் பெறும் பாதுகாப்பு.

வாலெட் வருமான வரிக்குக் கணக்கு எழுதித் தராது என்பதையும் தேர்வின்போதே நினையுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும். ஒன்றின் நஷ்டத்தை மற்றதன் லாபத்தில் கழிக்க முடியாது. உங்கள் ஒரு வாலெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது விற்பனை அல்ல. வாலெட்டுக்குள்ளேயே ஈதரைக் கொடுத்து யுஎஸ்டிடியாக ஸ்வாப் செய்வது விற்பனைதான். தேதி, ரூபாய் மதிப்பு, பரிவர்த்தனை ஐடி மூன்றையும் அன்றன்றே ஒரு ஷீட்டில் இடுங்கள்.

புதிய வாலெட்டை நம்பும் முன் ஒரு ஒத்திகை. 500 ரூபாய் மதிப்புக்கு மட்டும் ஏற்றுங்கள். வார்த்தைகளைத் தகட்டில் அடித்து முடித்தபின் செயலியை அழியுங்கள். தகட்டை மட்டும் பார்த்து மறுபடி நிறுவுங்கள். அதே முகவரி வருகிறதா, 500 ரூபாய் தெரிகிறதா, அதிலிருந்து 100 ரூபாயை வேறு முகவரிக்கு அனுப்ப முடிகிறதா என்று பாருங்கள். மூன்றும் நடந்த பிறகு மீதித் தொகையை ஏற்றலாம்.